நாய் முதுகில் ஒரு பக்கு

எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு ரொம்பத் தெளிவானது. மாடு, கன்று, பால், கோழி, அடுப்படி எல்லாம் என் பொறுப்பு. தென்னை, மோட்டார், உரம், டிராக்டர், ஆள் கூப்பிடுவது எல்லாம் எங்கள் வீட்டுக்காரர் பொறுப்பு. என் மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் அவர் வாயைத் திறக்கக் கூடாது. அவர் மோட்டார் ஓடாவிட்டால் நான் "என்னங்க ஆச்சு?" என்றுகூடக் கேட்கக் கூடாது. கேட்டால் அன்று மதியம் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது. கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து சண்டையில்லாமல் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சண்டையில்லாமல் என்றால், பெரிய சண்டையில்லாமல்.

நாய் மட்டும் யார் பங்கிலும் சேராமல் நின்றுவிட்டான். ராத்திரி தென்னந்தோப்பைக் காவல் காக்கிறான், அதனால் தன்னைச் சேர்ந்தவன் என்பார் அவர். பகலெல்லாம் என் கட்டுத்தரையில் மாடுகளுக்கு நடுவில் படுத்துக் கிடக்கிறான், என் கையால்தான் தின்கிறான், அதனால் என்னைச் சேர்ந்தவன் என்பேன் நான். அவன் உடம்பு நன்றாக இருந்தவரை இந்த வழக்கு விளையாட்டாகவே நடந்தது. முள்கம்பி அவன் முதுகைக் கிழித்த அன்றைக்குத்தான் வினை பிடித்தது.

எல்லாம் மயிலால் வந்தது. எங்கள் பக்கம் இப்போது காக்கையைவிட மயில்தான் அதிகம். விதைத்த கடலையைக் கிளறித் தின்றுகொண்டிருந்த ஒன்றை விரட்டிக்கொண்டு போனவன், அது பறந்ததும் தானும் பறக்கலாம் என்று நினைத்தானோ என்னவோ, வேலிக்கு அடியில் முழு வேகத்தில் புகுந்தான். திரும்பி வந்தபோது இரண்டு தோள்களுக்கும் நடுவில் ஒரு விரல் நீளத்துக்குத் தோல் வழண்டு உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு வந்து, மயிலை ஓட்டியதற்கு என்ன தருவாய் என்கிற முகத்தோடு நின்றான். நான்தான் "ஐயோ சாமி!" என்று கத்திப் பால் சொம்பைக் கீழே போட்டேன்.

என் பிறந்த வீட்டில் வண்டி மாடு உண்டு. நுகத்தடி உரசி எருதின் கழுத்தில் புண்ணானால் அதற்கு ஒரு முறை இருந்தது. உப்புப் போட்ட வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி, புண்மேல் கட்டியிருக்கும் பக்கை ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். பக்கு என்றால் புண் ஆறும்போது மேலே காய்ந்து நிற்குமே, அந்தப் பொருக்கு. அதற்கு அடியில்தான் சீழ் ஒளிந்திருக்கும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எடுத்துவிட்டு வேப்பெண்ணெய் தடவினால் ஈ அண்டாது. நாய் என்ன, எருது என்ன, தோல் தோல்தானே என்று நான் அடுப்பில் தண்ணீரை ஏற்றினேன்.

"ஏனுங்க, வந்து இவனைச் சித்தெ புடிங்க. சுடுதண்ணி வெச்சிருக்கறேன்."

"புண்ணுல தண்ணி படக் கூடாது புள்ள. கன்னுக்குட்டிக்குத் தொப்புள்ல போடற வெள்ளைப் பவுடர் இருக்குதல்ல, அதைப் போட்டா உலந்து போயிரும்."

"பவுடரைக் கொண்டுபோய் உங்க தென்னமரத்துக்குப் போடுங்க."

"ஆமா, நீ மாட்டைத் தேச்சுக் குளிப்பாட்டறயாட்ட நாயையும் தேச்சுத் தொவைச்சுக் கொடியில போடு."

நாய் எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தான். சண்டை தன்னைப் பற்றியது என்று அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடும். மெதுவாக எழுந்துபோய் டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

அன்றைக்குச் சோறு போடும்போது எனக்கே மனம் இளகிவிட்டது. எதற்கு வம்பு என்று, "செரி, நீங்களே பாத்துக்கங்க" என்றேன். அவரும் லேசுப்பட்டவரா, பெருந்தன்மையில் என்னை மிஞ்ச வேண்டுமே! "இல்ல புள்ள, நீயே பாரு" என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நான் நினைத்தேன். நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று அவர் நினைத்தார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் ஒருத்தர் மனது ஒருத்தருக்கு இவ்வளவுதான் தெரியும்.

விடியற்காலையில் நான் பாலை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போவேன். அந்த நேரத்தில் அவர் நாயைப் பிடித்து, எண்ணெய்ப் பிசுக்கைப் பஞ்சால் துடைத்து, டெட்டால் போட்டு, வெள்ளைப் பவுடரைத் தூவினார். சாயங்காலம் அவர் டீக்கடைக்குப் போவார். அந்த நேரத்தில் நான் நாயைப் பிடித்து, பவுடர் அப்பிக் காய்ந்துபோன பக்கை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, எண்ணெய் தடவினேன். ஒருத்தர் செய்தது இன்னொருத்தருக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்பீர்கள். பவுடரைப் பார்த்து நான் மண்ணில் புரண்டிருக்கிறான் என்று நினைத்தேன். பிசுக்கைப் பார்த்து அவர் டிராக்டர் எண்ணெய் சொட்டியிருக்கிறது என்று நினைத்தார். வேப்பெண்ணெய் வாசனையை அவர் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்த வாசனை அடிக்காத பொருள் உப்பு ஒன்றுதான்.

விரல் நீளப் புண் உள்ளங்கை அகலமாயிற்று. சுற்றி முடி கொட்டியது. பக்கு கட்டும், போகும், கட்டும், போகும். எனக்குக் கவலை வந்தது. கவலை வந்தால் நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறவள் இல்லை, வெந்நீரை இன்னும் கொஞ்சம் சூடாக வைத்தேன். அவருக்கும் கவலை வந்திருக்கிறது, பவுடரை இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டியிருக்கிறார். பாவம், அந்த ஜீவன். சட்டியைக் கண்டால் சாயங்காலம் ஓடினான், பஞ்சைக் கண்டால் காலையில் ஓடினான். என்ன இது, இவனுக்கு வரவரக் கொழுப்பு ஏறிவிட்டது என்று நான் வேறு திட்டினேன்.

கடைசியில் இரண்டு பேரும் ஒரு மனதாக மிருகாசுபத்திரிக்குக் கிளம்பினோம். எங்கள் பக்கம் கால்நடை மருத்துவமனையை அப்படித்தான் சொல்வோம், கேரள எல்லை என்பதால் வாயில் ஒட்டிக்கொண்ட மலையாளப் பெயர். ஸ்கூட்டரில் அவர் ஓட்ட, முன்னால் கால் வைக்கிற இடத்தில் நாய் நிற்க, பின்னால் நான். வழியெல்லாம் அவன் காது காற்றில் பறந்தது. அன்று அவன் ரொம்ப சந்தோஷமாக இருந்தான், எங்கே போகிறோம் என்று தெரியாததால்.

டாக்டர் சின்னப் பெண். மலையாளத்துக்காரி. நாயைத் தொடுவதற்கு முன்னால் எங்களைத்தான் பார்த்தாள்.

"இதில் எந்தா போட்டது?"

"வேப்பெண்ணெய்ங்க" என்றேன் நான்.

"பவுடருங்க" என்றார் அவர்.

இரண்டு சொல்லும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க எப்பப் போட்டீங்க பவுடரு?"

"நீ எப்பத் தடவுனே எண்ணெய்?"

அதற்கப்புறம் மருந்து மேஜையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு நாங்கள் போட்ட சண்டையை நான் இங்கே முழுதாக எழுதப் போவதில்லை. ஆட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முகக்கவசத்துக்கு உள்ளே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சேச்சி, நாய்க்கு ஒரு கொழப்பமும் இல்ல. சின்ன முறிவு, காயம்தான். தன்னால ஆறியிருக்கும். பகல்ல வெச்ச பக்கை சாயங்காலம் நீங்க எடுக்கும், ராத்திரி வெச்சதைக் காலைல அவரு தேய்க்கும். பின்னே எப்படி ஆறும்?"

"இப்ப என்னங்க பண்ணோணும்?"

"ஒண்ணும் பண்ணண்டா. தொடாதே இருந்தா மதி. ஈ உக்காராம நோக்கணும். சீழ் வெச்சா மட்டும் கொண்டு வா."

ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும் என்கிறாள். கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது! என்னைப் போல ஒருத்திக்கு அதைவிடக் கஷ்டமான வைத்தியம் இந்த உலகத்தில் கிடையாது. வீட்டுக்கு வந்து சட்டியைப் பரண்மேல் ஏற்றினேன். அவர் பவுடர் டப்பாவை மோட்டார் ரூமில் பூட்டினார். ஒருத்தரை ஒருத்தர் காவல் காத்தோம்.

ஆனால் வைத்தியம் முடிந்துவிட்டது என்று நாய்க்கு யார் சொல்வது? அவனுக்குத் தெரிந்ததெல்லாம், இந்த வீட்டில் யார் கை நீட்டினாலும் முதுகு எரியும் என்பதுதான். மறுநாள் காலையில் கட்டுத்தரையில் அவனைக் காணோம். தோப்பில் காணோம். டிராக்டருக்கு அடியில் காணோம். எங்கள் வீட்டுக்காரர் தோப்புக் கடைசி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு சொன்னார்.

"வாய்க்காலுக்கு அக்கட்டால இருக்கறான்."

"அக்கட்டாலன்னா?"

"அவிங்க ஊட்டுல."

அட கெரகமே! போயும் போயும் அந்த வீட்டிலா!

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தோட்டம் இவருடைய பங்காளி வீடு. அண்ணன் முறையானவர் காலமாகிவிட்டார், அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், மட்டும் இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார். ஒரு கோடையில் எங்கள் முறைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்து மடை திறந்து கிடந்தது. அக்காதான் திறந்துவிட்டார் என்றேன் நான். தானாக உடைந்தது என்றார் அவர். அத்தோடு பேச்சு நின்றது. அதற்கப்புறம் இரண்டு கோடை போய்விட்டது. அவருக்கு நாய் என்றாலே ஆகாது. எங்கள் நாய் அவருடைய கோழியைத் துரத்தினான் என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரை வரைக்கும் ஓடி வந்தவர் அவர். அந்த வாசலில்தான் இவன் போய்ப் படுத்திருந்தான்.

அக்கா அவனுக்குச் சோறு போடவில்லை. தடவிக் கொடுக்கவில்லை. "போ நாயே" என்று ஒரு சத்தம் போட்டதோடு சரி. அது போதும் என்று அவன் தங்கிவிட்டான். எங்கள் வீட்டுக்காரர் ஆட்டெலும்பு வாங்கி வந்து கரையில் வைத்தார். நாய் வந்தான், எலும்பைக் கவ்வினான், வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிதானமாகக் கடித்துத் தின்றான்.

நான் கரையில் நின்று கூப்பிட்டேன். அவன் காதை மட்டும் தூக்கினான். அக்கா கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல், நாயைப் பார்த்துச் சொன்னார்.

"ஏன்டா, உனக்கு ஊடு வாசல் இல்லையா? கூப்பட்டுக் கூப்பட்டு ஒருத்தருக்குத் தொண்டை வத்திப் போச்சு. போயேன்டா."

எனக்கு மட்டும் பேசத் தெரியாதா? நானும் நாயிடமே கேட்டேன்.

"அங்க என்னடா வெச்சிருக்குது உனக்கு? சோறு போட்டாங்களா, தண்ணி வெச்சாங்களா?"

"சோறு போட்டாத்தான் இருக்கோணுமா? கையைக் காலை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கற ஊடாப் பாத்து வந்திருக்குதாட்ட இருக்குது."

சுருக்கென்று தைத்தது. இந்த அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சாயங்காலம்தோறும் அவன் கத்தியது வாய்க்காலைத் தாண்டிக் கேட்டிருக்கும். நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் பால் கறக்க உட்கார்ந்தேன். முதல் பீச்சு எப்போதும் அவனுக்குத்தான். வாயைத் திறந்துகொண்டு மடிக்குப் பக்கத்தில் நிற்பான், நான் குறி பார்த்து அடிப்பேன், பாதி மூக்கில் விழும். பழக்கதோஷத்தில் கையைத் திருப்பி அடித்துவிட்டேன். பால் மண்ணில் விழுந்தது. அப்போது அழுகை வந்துவிட்டது. மாட்டின் வயிற்றில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு அழுதேன். நல்லது செய்கிறேன் நல்லது செய்கிறேன் என்று ஒரு உயிரை வீட்டை விட்டே ஓட வைத்துவிட்டேனே! அந்தப் புண்ணில் ஈ உட்கார்ந்தால் யார் பார்ப்பார்கள்? சீழ் வைத்தால் யார் பார்ப்பார்கள்? அதைவிட, அவன் இனிமேல் என்னிடம் வரவே மாட்டானோ என்பதுதான் என்னைப் போட்டு அரித்தது. எனக்கு என் நாய் வேண்டும். அவ்வளவுதான்.

சாயங்காலம் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாய்க்கால்மேல் ஒரு தென்னமரம் வெட்டிப் போட்டிருக்கிறது, அதுதான் பாலம்.

"அவிங்க வாசல்ல போயி நிக்கப் போறயா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"நாயிக்காகப் போறேன். மனுசிக்காகப் போகலை."

அக்கா என்னைக் கண்டதும் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். நான் வாசல் ஓரத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை. கையை நீட்டவில்லை. என் கையை நானே நம்பாததால் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். நாய் என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டுத்தரை மூலைக்குப் போய்விட்டான். அங்கே அக்கா மாடுகளுக்குக் கொசு அண்டாமல் காய்ந்த வேப்பிலையும் வரட்டியும் போட்டுப் புகை மூட்டியிருந்தார். எங்கள் கட்டுத்தரையில் மின்விசிறி மாட்டியதிலிருந்து நாங்கள் புகை போடுவதை விட்டுவிட்டோம். அவன் அந்தப் புகைக்கு நடுவில் ராஜா மாதிரி படுத்திருந்தான். அவன் முதுகில் ஒரு ஈ இல்லை.

எனக்கு அன்றைக்கே பாதி உயிர் வந்தது. இருட்டுவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த சாயங்காலமும் போனேன். அதற்கடுத்த சாயங்காலமும் போனேன். ஒரு நாள் நான் உட்காரும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. உட்காரச் சொல்லவில்லை, ஆனால் கிடந்தது. நான் முக்காலியில் உட்கார்ந்தேன். இன்னொரு நாள் அக்கா நாயிடம், "காப்பி குடிக்கறவங்க குடிக்கலாம், ஆறிப் போகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நாய் காப்பி குடிக்க மாட்டான். நான்தான் எடுத்துக் குடித்தேன். "சக்கரை கொஞ்சம் கம்மிடா" என்று நாயிடம் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் சக்கரை சரியாக இருந்தது.

நாயும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினான். முதலில் கட்டுத்தரைத் தூண் வரைக்கும். அப்புறம் உரல் வரைக்கும். அப்புறம் என் செருப்பை முகர்ந்துவிட்டு ஓடினான். பக்கு நன்றாகக் கறுத்து, கெட்டியாக, அழகாக உட்கார்ந்திருந்தது. பக்கு அழகாக இருக்கிறது என்று நினைக்கும் நாள் எனக்கு வரும் என்று யார் கண்டார்கள்!

ஒரு வெள்ளிக்கிழமை அவன் என் காலுக்கு முன்னாலேயே வந்து படுத்தான். முதுகு என் கண்ணுக்கு நேராக இருந்தது. பக்கு ஒரு பக்கம் விட்டு எழும்பி, மறுபக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு, அவன் மூச்சு விடும்போதெல்லாம் மேலும் கீழும் ஆடியது. ஐயோ, அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என்றால்! நகத்தால் ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும். என் விரல்கள் தொடைக்கு அடியில் துடித்தன. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா புகைக்கு வரட்டி கொண்டுவந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் கண்ணும் அதன்மேல்தான். வரட்டியைக் கீழே வைத்தார். குனிந்தார். நாயைத் தன் வாழ்நாளில் தொட்டறியாத அந்த மனுஷி, இரண்டு விரலைக் கிள்ளுகிற மாதிரி வைத்துக்கொண்டு பக்கை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"அக்கா, வேண்டாங்க! தொட்டா மறுக்காப் போயிருவானுங்க!"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கை என் கைக்குள் இருந்தது, சாணி ஈரத்தோடு, கதகதவென்று. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

அந்தச் சத்தத்துக்கு நாய் எழுந்தான். போச்சு, ஓடிவிட்டான் என்று நினைத்தேன். ஓடவில்லை. நின்ற இடத்திலேயே தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறினான். பக்கு எங்கேயோ தெறித்து விழுந்தது. அது இருந்த இடத்தில் வெளிர் ரோஸ் நிறத்தில் புதுத்தோல், அதன்மேல் பூனைமயிர் மாதிரி சன்னமாக முடி முளைத்திருந்தது. ரத்தம் இல்லை, சீழ் இல்லை, ஒன்றும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். யாரும் தொடவில்லை.

அவன்தான் வந்தான். என் முழங்காலுக்கு இடையில் தலையை நுழைத்து, உடம்பைத் திருப்பி, அந்தப் புதுத்தோலைக் கொண்டுவந்து என் கைக்கு அடியில் நிறுத்தினான். கை வைக்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தரத்தில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவன் ஒரு முட்டு முட்டினான்.

"தடவிக் குடு, அம்மிணி" என்றார் அக்கா. நாயிடம் இல்லை, என்னிடம். "அதுவே வந்து கேக்குதல்ல?"

தடவினேன். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டத் தடவினேன். அவன் பெருமூச்சு விட்டுவிட்டு என் பாதத்தின்மேல் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்துகொண்டான்.